தட்டில் வைத்த விண்ணப்பம்

தையல் இயந்திரம் மூன்று மணி இருபதுக்கு வந்து சேர்ந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஓட்டோக்காரரும் ஒஸ்வால்டும் அதை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். துஷ்யந்தி முன்னால் நடந்தாள். அவள் கையில் ஹிபாவின் கோப்பு இருந்தது.

துஷ்யந்தி, காது கேளாதோருக்கு உதவும் ஒரு சிறிய நிறுவனத்தின் சமூகப் பணியாளர். வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்திலிருந்த இந்த வீட்டுக்கு மூன்று வருடங்களாக வந்துபோகிறாள். இது பத்தாவது முறை. இயந்திரத்தைக் கொடுத்து ஹிபாவிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் கோப்பை மூடிவிடலாம்.

ஹிபாவின் தாய் கைருன்னிஸா கதவைத் திறந்தாள்.

"வாங்க மிஸ், வாங்க. அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும். இவர் யாரு?"

"ஒஸ்வால்ட். வத்தளையில இருக்கிறவர். சைகை மொழிபெயர்ப்பாளர். போன மாதம்தான் எங்கட ஒஃபிஸில சேர்ந்தவர்."

"அது எனத்துக்கு மிஸ்? நான் ஈக்கிறேனே."

உண்மைதான். ஒன்பது முறையும் கைருன்னிஸா இருந்தாள். துஷ்யந்தி விசாரிப்பாள், கைருன்னிஸா பதில் சொல்வாள். இடையில் ஹிபா தேநீர்த் தட்டோடு வருவாள். தட்டை வைத்துவிட்டுச் சிறிது நேரம் நிற்பாள். தாய் கண்ணைக் காட்டுவாள். ஹிபா உள்ளே போய்விடுவாள். 'பயனாளியின் விருப்பம்' என்ற கட்டத்தில் துஷ்யந்தி எழுதுவாள்: வீட்டில் இருக்க விரும்புகிறார். மகிழ்ச்சியாக இருக்கிறார்.

கைருன்னிஸா கெட்டவள் அல்ல. ஹிபாவின் ஆறாவது வயதில், காலி வீதியில் ஒரு பஸ் அவளை உரசிக்கொண்டு போனது. ஹோர்ன் சத்தத்தில் கடைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹிபா மட்டும் திரும்பவில்லை. அன்றிலிருந்து தாய் அவளைத் தனியே வாசல் தாண்ட விட்டதில்லை. காது கேளாதோர் பாடசாலைக்குக் கூடவே போனாள், கூடவே வந்தாள். பதினாறு வயதில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையோடு அதுவும் முடிந்தது. போன்கூட வாங்கிக் கொடுக்கவில்லை. "பேச ஏலாத புள்ளைக்கு போன் எனத்துக்கு மிஸ்?" என்று ஒருமுறை சிரித்தாள். துஷ்யந்தியும் சேர்ந்து சிரித்தாள்.

இயந்திரத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டு ஓட்டோக்காரர் போனார். ஹிபா தட்டோடு வந்தாள். இருபத்தாறு வயது. மெலிந்த, நீண்ட விரல்கள். இயந்திரத்தைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். ஒஸ்வால்ட் அவளுக்கு எதிரே போய் நின்று கைகளால் பேசினார்.

தட்டு சரிந்து தேநீர் சிந்தியது. அவள் அதைத் துடைக்கவில்லை. தட்டை மேசையில் வைத்தாள். பிறகு அவள் கைகள் எழுந்தன.

"இது யாருக்கு?" என்றார் ஒஸ்வால்ட்.

கைருன்னிஸா திகைத்தாள். "நீங்கதானே தூக்கிட்டு வந்த. ஒங்களுக்கே தெரியாதா?"

"நான் கேக்கல்ல அம்மா, மகள் கேக்கிறா. அவ சொல்றத நான் 'நான்' எண்டுதான் சொல்லுவன். எங்கட வேலை அப்பிடி. குரல்தான் என்ட, கதை அவட."

"அல்லாஹ்வே! எண்ட மகள் ஆம்புளக் குரல்லயா பேசோணும்?"

"கைவசம் வேற குரல் இல்ல அம்மா."

கைருன்னிஸா இயந்திரத்தையும் மகளையும் மாறி மாறிக் காட்டினாள். "ஒனக்குத்தான். தைக்க ஆசதானே ஒனக்கு."

ஒஸ்வால்டின் கைகள் அதைச் சொல்லி முடிக்குமுன் ஹிபா தலையசைத்து மறுத்தாள்.

"எனக்குத் தைக்கத் தெரியாது. ஆசையும் இல்ல. நான் அப்பிடி ஒருநாளும் சொல்லல்ல."

"புள்ளைக்கு விளங்கல்ல மிஸ்." கைருன்னிஸா துஷ்யந்தியிடம் திரும்பினாள். "கிழிஞ்ச தலகணி உறைக்கு ஊசி போட்டாளே. அத வச்சித்தான் ஒங்களுக்குச் சொன்ன."

அப்போது ரயில் வந்தது. அந்த வீட்டில் ரயில் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. துஷ்யந்தியும் கைருன்னிஸாவும் காத்திருந்தார்கள். ஹிபாவும் ஒஸ்வால்டும் நிறுத்தவில்லை. அவள் கைகள் வேகமாக ஓடின. அவர் நடுவில் எதையோ விசாரித்தார். அவள் பதில் சொன்னாள், ஒருமுறை சிரித்தாள். அவள் சிரித்துத் துஷ்யந்தி பார்த்ததில்லை. ரயில் கடந்து போகும்வரை, என்ன பேச்சு நடக்கிறது என்று தெரியாமல் நின்றவர்கள் மற்ற இருவரும்தான்.

ஹிபா உள்ளே போய் ஒரு காகிதத்தோடு திரும்பினாள். நான்காக மடித்த காகிதம். துஷ்யந்தி அதை விரித்தாள்.

பொரளையில், செயற்கைப் பல் செய்யும் ஒரு நிலையத்தின் பயிற்சிக்கான விண்ணப்பம். துஷ்யந்தி முதல் முறை வந்தபோது கொண்டுவந்ததுதான். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. படம் ஒட்டியிருந்தது. கையெழுத்து இருந்தது. ஒரு மடிப்பின் மேல், தேநீர்க் கோப்பையின் அடிப்பாகம் பதிந்த பழுப்பு வட்டம். ஹிபா துஷ்யந்தியிடம் திரும்பினாள்.

"நீங்க முதல் தரம் வந்து இத மேசையில வச்சீங்க. உம்மா வேணாம் எண்டாங்க. நான் எடுத்து நிரப்பினேன். ரெண்டாம் தரம் வந்தப்போ மடிச்சி தட்டுல வச்சேன், உங்கட கோப்பைக்குக் கீழ. நீங்க தேத்தண்ணி குடிச்சீங்க. கோப்பைய அதுக்கு மேலயே வச்சிட்டுப் போனீங்க. மூண்டாம் தரமும் வச்சேன்."

துஷ்யந்திக்கு அந்தக் காகிதம் நினைவிருந்தது. தேநீர் தட்டில் சிந்தாமலிருக்க வைத்தது என்று நினைத்திருந்தாள்.

கைருன்னிஸா காகிதத்தை வாங்கினாள். 'ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்பதற்குக் கீழே உருண்டையான எழுத்தில் இரண்டு வரிகள். அவள் எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தாள்.

"சத்தம் தேவைப்படாத வேலை. என் கை நல்ல கை."

கதிரையில் உட்கார்ந்தாள். "எனக்கிட்டக் காட்டல்லியே மகள்."

"காட்டினா கிழிச்சிருப்பீங்க."

கைருன்னிஸா விண்ணப்பத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பவும் சேர்க்கலாமோ எண்டு நான் கதைச்சுப் பார்க்கிறன்" என்றாள் துஷ்யந்தி.

ஒஸ்வால்ட் அதை ஹிபாவுக்குச் சொன்னார். பிறகு, கைகளை நிறுத்தாமலே, தன் பேச்சாகச் சொன்னார். "இது நான் சொல்றது மிஸ். அங்க இருபத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்க. போன வருஷம் எங்கட பொடியன் ஒருத்தன நாலு மாசம் கூடினதுக்கே திருப்பி அனுப்பினவங்க."

துஷ்யந்திக்கும் அது தெரியும். விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே இருந்தது. ஹிபா அதை நிரப்பியபோது அவளுக்கு இருபத்துமூன்று.

துஷ்யந்தி ஹிபாவின் கோப்பைத் திறந்தாள். முதல் பக்கத்தில் 'எழுத, வாசிக்கத் தெரியும்' என்று இருந்தது. அவள் எழுதியதுதான். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வேலை செய்ய முடியவில்லை என்று மூன்று வருடம் மேலிடத்துக்குக் கடிதம் போட்டாள். ஒவ்வொரு முறையும் இந்த மேசையில் காகிதம் இருந்தது. அவள் கையில் பேனை இருந்தது.

கைருன்னிஸா விண்ணப்பத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள், அந்தப் பழுப்பு வட்டம் அழியும் என்பதுபோல. துஷ்யந்தி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"பிழை உங்களில மட்டும் இல்லை அன்ட்டி. என்னிலதான் கூடுதல். காது கேளாத ஒரு ஆளை விட்டிட்டு, வீட்டு ஆக்களோட கதைச்சு முடிவெடுக்கிறது உதவி இல்லை. அந்த ஆளின்ர வாழ்க்கையை நாங்கள் பறிச்சு எடுக்கிறதுதான் அது. எங்களுக்கு இரக்கம் இருந்தாப்போல அது சரியாகிடாது. நாங்கள் முதல்ல ஹிபாவோட கதைச்சிருக்க வேணும்."

கைருன்னிஸா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஒஸ்வால்டின் கைகள் ஒரு சொல்லும் விடாமல் அதை ஹிபாவுக்குக் கொண்டுபோயின. அவள் முடியும்வரை பார்த்திருந்தாள். பிறகு வந்து துஷ்யந்தியின் முகத்துக்கு நேரே நின்றாள். கைகள் மெதுவாக அசைந்து நின்றன.

ஒஸ்வால்ட் அதை அப்படியே சொன்னார்.

"இதையும் ஏன் உம்மாட்டயே சொல்றீங்க?"