பழைய குரோஷன் நானூறு

நாணயசாலையில் காசை வெளுப்பது என் வேலை. எங்கள் கோமகன் அடிக்கும் குரோஷன் காசில் முக்கால்வாசி செம்புதான். அச்சடிக்கும் முன் வில்லைகளை மது பீப்பாயின் அடியில் படியும் புளிப்பு உப்பில் கொதிக்கவைத்தால், மேலே உள்ள செம்பு கரைந்து பால் மாதிரி வெளுத்துவிடும். நாலு மாதம் கைமாறினால் வெளுப்பு தேய்ந்து காசிலுள்ள கோமகனின் மூக்கு சிவந்துவிடும்.

"துரை மறுபடி குடிச்சிட்டாருடி!" என்று கொப்பரையடியில் நாங்கள் சிரிப்போம்.

அக்கரை ஊரில் இந்தப் புதுக் காசு செல்லாது. அங்கே சேணம் தைக்கும் மத்தேஸை நான் கட்டிக்கொண்டு குடியேற, ஊர்மன்றத்தில் நல்ல வெள்ளியில் அடித்த பழைய குரோஷன் நானூறு கட்டவேண்டும். ஆறு வருடம் சேர்த்தேன். உப்புநீரில் விரலெல்லாம் வெடித்தன.

என் தம்பி வெல்டன் அதே நாணயசாலையில் காசைக் காகிதச் சுருளில் கட்டி அரக்கு வைப்பவன்.

"கட்டப் போற அன்னிக்கு அப்படியே அள்ளிட்டுப் போனா வழியில சிந்திடும்க்கா. இப்பவே குடு, சுருள் கட்டித் தரேன்."

கொடுத்தேன். கூடப்பிறந்தவன் வைத்த அரக்கை உடைத்துப் பார்க்க எனக்கென்ன பைத்தியமா?

மன்றத்து எழுத்தர் முதல் சுருளை உடைத்தார். இரண்டு முனையிலும் பழைய காசு. நடுவில் இருந்ததெல்லாம் பளீரென்று வெள்ளை. அவர் உரைகல்லை எடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வெளுப்பு என் கொப்பரையில் வந்தது.

"ஏம்மா, எங்களப் பாத்தா கேணைங்க மாதிரி இருக்கா?" என்றார் எழுத்தர்.

பக்கத்தில் சலவைச் சட்டையில் நின்ற மத்தேஸ் காசைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான்.

"வெளுக்கறவ நீதானே, கெர்ட்ராட்?"

"சத்தியமா எனக்குத் தெரியாது, மத்தேஸ்."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

ஆற்றைத் தாண்டி வந்து நேரே வெல்டன் முன்னால் நின்றேன். புது பூட்ஸ் போட்டிருந்தான்.

"ஏன்டா? நான் உனக்கு என்னடா பண்ணேன்?"

"உருக்கறதுக்குப் பழைய காசுக்கு ஒண்ணரை மடங்கு புதுக் காசு தராங்கக்கா. நாலு வாரத்துல திருப்பி வச்சிருப்பேன். அதுக்குள்ள கட்டப் போவேன்னு யாரு கண்டா?"

"சொந்த அக்காவுக்கேவாடா?"

"எத்தனை பேரோட அக்கா கையில இந்தக் காசு போயிருக்கு! அப்பல்லாம் துரை மூக்கப் பாத்து சிரிச்சவதானே நீ?"

ஓங்கி அறைந்தேன். என் கைதான் வலித்தது.