பாதரச மாத்திரை

குமாரபாளையத்துத் தறிக்காரன் நாச்சிமுத்து, நூல் வாங்கப் போன ஊரில் பொம்பளைச் சீக்கைப் பிடித்துவந்து பெண்டாட்டி கந்தம்மாளுக்கும் ஒட்டவைத்தான். வைத்தியர் இருவருக்கும் பாதரச மாத்திரை தந்தார்.

"மொதல்ல நீ தின்னு, பாக்கலாம்," என்றான் அந்த மகராசன்.

அவளுக்கு ஈறு வெந்து எச்சில் ஓயாமல் வடிந்தது.

"நஞ்சு எறங்குதுங்க. நிறுத்தாம குடுங்க," என்றார் வைத்தியர். கொடுத்தான். பற்கள் உதிர்ந்தன. நடுங்குகிற கையால் தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாவைக்கூட அவளால் பிடிக்க முடியவில்லை.

மிரண்டுபோனவன் தன் பங்கு மாத்திரையைக் காவிரியில் வீசிவிட்டு, ஈரோட்டுக்குப் போய்ப் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டான். தனக்கு மட்டும்.

ஆடி கழிந்ததும் கல்யாணத் தரகர் வந்தார். கந்தம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டாந்தாரமா உங்களுக்கு எப்படிப்பட்ட புள்ளை வேணுமுங்க?"

"பல்லு நல்லா இருக்கோணுமுங்க," என்றான் நாச்சிமுத்து.