அறுபதுக்கு ஆறு அங்கி

விழாவெல்லாம் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை வாய் திறப்பதற்குள் மெடெர், "முழு ஆர்க்கெஸ்ட்ராவும் தர்றோம் எஜே" என்றான். ஆர்க்கெஸ்ட்ரா என்ற அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். அறுபது வயதாகியும் புத்தி வரவில்லை.

மெடெர் எங்கள் இசைக் கல்லூரியின் முதல்வர். ஒரு காலத்தில் என் வகுப்பில் இரண்டு தடவை தேறாமல் போனவன். மூன்றாவது தடவை பாவம் என்று நான்தான் தேறவிட்டேன். செய்த பாவம் சும்மா விடுமா? இன்று பிஷ்கெக்கில் எந்த இசை எப்போது ஒலிக்கலாம் என்று அவன்தான் முடிவு செய்கிறான்.

நான் முப்பத்திரண்டு வருடமாக அதே மூன்றாம் மாடி அறையில் இசையமைப்பு சொல்லித் தருகிறேன். கல்லூரி முழுக்க எனக்கு 'எஜே', அதாவது அக்கா. பேராசிரியர், பட்டம், பதக்கம் எல்லாம் உண்டு. ஆனால் நான் எழுதியதில் இந்த ஊருக்குத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று, குழந்தைகள் படத்துக்குப் போட்ட ஆட்டுக்குட்டிப் பாட்டு. இன்னொன்று, தொலைக்காட்சியில் வானிலை அறிக்கைக்கு முன்னால் வருகிற பன்னிரண்டு விநாடி. மற்றதெல்லாம் தாளிலேயே கிடக்கிறது.

அதில் ஒன்றுதான் 'கணவாய்'. நாற்பத்தொரு பேர் வாசிக்க வேண்டிய, இருபத்துநான்கு நிமிட இசை. எழுதிப் பதினோரு வருடமாகிறது. ஒரு வருடம் யாருக்கோ நூற்றாண்டு என்றார்கள், ஒரு வருடம் வெளிநாட்டு விருந்தினர் என்றார்கள், மற்ற வருடமெல்லாம் "அடுத்த பருவம் கண்டிப்பா எஜே" என்றார்கள். கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டுக்கொள்ளலாமே என்று சொன்னவனும் உண்டு. அவனிடம், உன் பெண்டாட்டியையும் போட்டோவிலேயே பார்த்துக்கொள் என்றேன். மனதுக்குள் கேட்பதும், நாற்பத்தொரு பேர் மூச்சுவிட்டு வாசிப்பதைக் கேட்பதும் ஒன்றா?

"பேச்சு நாலே நாலு. அப்புறம் உங்க 'கணவாய்' முழுசா. நீங்களே நடத்துங்க. வேணும்னா எழுதித் தர்றேன்" என்றான் மெடெர்.

"எழுதிக் குடு" என்றேன். சிரித்தான். எழுதித் தரவில்லை.

ஒத்திகை ஒன்றே ஒன்று, நாற்பது நிமிடம். தொடக்கத்தை ஒட்டவைத்து, முடிவை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்குள் நேரமாகிவிட்டது. நடுப்பகுதியைத் தொடவே இல்லை. "மேடையில பாத்துக்கலாம், நாங்க என்ன சின்னப் பசங்களா?" என்றார்கள் வாசிப்பவர்கள். நம்பினேன். வேறு வழி?

விழா மாலை ஐந்தரைக்குத் தொடங்கியது. முதலில் அமைச்சகத்திலிருந்து வந்தவர் பேசினார். பேசி முடித்து, எனக்கு ஒரு வெல்வெட் அங்கி போர்த்தினார். எங்கள் ஊரில் பெருமை என்றால் அங்கிதான். போர்த்தியதை அவர்கள் கண்முன்னே கழற்றுவது முகத்தில் துப்புவதற்குச் சமம். அதனால் அடுத்தவர் வந்தால் அதன் மேலேயே அடுத்தது ஏறும். இரண்டாவது அங்கி நகராட்சி. மூன்றாவது பழைய மாணவர்கள். நான்காவது மெடெரே கொண்டுவந்தான். அத்தோடு நின்றதா? ஐந்தாவதாக எந்தக் கட்சியோ, யாரோ ஒருவர் மேடையேறி, "நம் நாட்டியப் பேரொளி" என்று என்னைப் புகழ்ந்தார். நான் வாழ்நாளில் கல்யாணத்தில்கூட ஆடியதில்லை. அவரும் போர்த்தினார். ஐந்து பேரும் தவறாமல் ஆட்டுக்குட்டிப் பாட்டைச் சொன்னார்கள். இருவர் பாடியே காட்டினார்கள்.

ஆறாவது, என் சொந்த ஊர். நரின் பக்கத்திலிருந்து இருபது பேர் வேனில் வந்திருந்தார்கள். முன்னால் என் அண்ணன் தொகோஷ், நான் கூப்பிடுவது 'பைக்கே'. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி இரண்டு மாதம் உட்கார்ந்து பூவேலை செய்த அங்கியைப் போர்த்தி, என் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு இறங்கினார். அதற்கு மட்டும் எனக்குக் கண் கலங்கியது.

மணி பார்த்தேன். ஏழு முப்பத்தைந்து. ஆறு அங்கிக்குள் வியர்த்து வழிந்தது, கை தோளுக்கு மேல் எழவில்லை. திரும்பிப் பார்த்தால், பின்வரிசையில் கொம்பு வாசிக்கிற சுயுன் தன் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறான்!

"எங்கடா கிளம்பிட்ட?"

"எஜே, எட்டு மணிக்குக் கல்யாணத்துல வாசிக்கணும். ஏழரைக்கெல்லாம் விட்டுருவோம்னு மெடெர் அகாய் சொன்னாரு."

சொன்னாராம், பெரிய வாத்தியார். எனக்கு முழுசாக என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு ஏழரை என்று சொல்லியிருக்கிறான். அதே நேரம் மெடெர் என் காதருகே குனிந்தான்.

"எஜே, கடைசி நாலு நிமிஷம் மட்டும் வாசிச்சிருவோமா? முடிவுதான் பிரமாதம். ஜனம் பசியோட இருக்கு, கீழ கறியெல்லாம் ஆறிப்போகுது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதினோரு வருடம் காத்திருந்தது ஆறிப்போகிற கறிக்காகவா? "ரெண்டு தடவை இல்லடா, உன்னை மூணாவது தடவையும் ஃபெயிலாக்கியிருக்கணும்" என்றேன். ஒலிவாங்கி திறந்திருந்தது போலும், முன்வரிசை சிரித்தது.

அங்கிகளைக் கழற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறையும். வைக்க இடமில்லை, தேடுகிற பொறுமையும் இல்லை. தரையில் போட்டேன். அரங்கமே மூச்சை இழுத்தது. அண்ணியின் அங்கிதான் முதலில் விழுந்தது, மேலே இருந்தது அதுதானே. எங்கள் ஊர்க்காரர்கள் இருபது பேரும் எழுந்தார்கள். தொகோஷ் அண்ணன் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடக்க, வரிசையாக வெளியே போனார்கள். ஆனாலும் நான் குனிந்து எடுக்கவில்லை.

சுயுனைப் பார்த்துக் கத்தினேன். "உட்காருடா! இருபத்துநாலு நிமிஷத்துல கல்யாணப் பொண்ணு கிழவியாயிட மாட்டா!"

உட்கார்ந்தான். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கையைத் தூக்கினேன்.

முதல் எட்டு நிமிடம் சொல்லி மாளாது. நான் தாளில் எழுதியது அப்படியே எழுந்து நடந்தது. இது போதும், இனிச் செத்தாலும் சரி என்று நினைத்தேன். பிறகு நடுப்பகுதி வந்தது.

தந்தி வாத்தியங்கள் நீளமாக ஒரே இடத்தில் நிற்க, மேலே கொம்பு தனியாகப் பாட வேண்டும். தாளில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்றிருக்கிறது. அரங்கத்தில் அது உப்பில்லாத சூப்பாக இருந்தது. ஒரு நிமிடம் பொறுத்தேன், இரண்டு நிமிடம் பொறுத்தேன். வாசித்தவர்கள் மேல் தப்பில்லை, முதல் முறை பார்த்து வாசித்தும் ஒரு சுரம் பிசகவில்லை. தப்பு நான் செய்தது. கொம்பு இரண்டு நிமிடத்தில் ஓய்ந்திருக்க வேண்டும். நான் எட்டு நிமிடம் இழுத்திருந்தேன். முதல் வருட மாணவன் எழுதிக்கொண்டு வந்திருந்தால் சிவப்பு மையால் அடித்துக் கையில் கொடுத்திருப்பேன். கையை வீசிக்கொண்டே எனக்குள் அழுதேன்.

முடிந்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். மெடெர் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "காவியம் எஜே! அதுவும் அந்த நடுப்பகுதி... என்ன ஆழம்!" பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிற பெண்ணும் ஆழம் என்றாள். நாட்டியப் பேரொளிக்காரரும் ஆழம் என்றார். பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது ஒவ்வொருவரையும்.

அவர்கள் கறிக்கு இறங்கினார்கள். நான் அண்ணியின் அங்கியை மட்டும் எடுத்துத் தட்டிக் கையில் போட்டுக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் தொகோஷ் அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"உன் அண்ணி ரெண்டு மாசம் கண்ணு நோகத் தச்சது. தரையில போட்டுட்ட."

"போட்டுட்டேன் பைக்கே. அண்ணி கால்ல வேணா விழுறேன்."

"விழு. அவ உதைப்பா, வாங்கிக்க." தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார். "மத்தவங்க வேனுக்குப் போயிட்டாங்க. நான் இந்தக் கதவுகிட்ட நின்னு முழுசாக் கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"ஆரம்பம் நல்லா ஏறுச்சு. நடுவுலதான் எங்கயோ நின்னுபோச்சு. ரெண்டு தடவ கொட்டாவி வந்துச்சு."

"தெரியும் பைக்கே."

"தெரியுமா? தெரிஞ்சும் எதுக்கு அப்படி எழுதுன?"

"இன்னைக்குத்தான் தெரியும்!" தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "கேட்டாத்தானே தெரியும்? பதினோரு வருஷமா என்னை யாரு கேக்க விட்டா? அன்னைக்கே ஒரு காலையில வாசிச்சிருந்தா, அன்னைக்கே அடிச்சுத் திருத்தியிருப்பேனே! அடுத்ததுல அந்தத் தப்பைச் செஞ்சிருக்க மாட்டேனே!"

"அடுத்ததா? இன்னும் இருக்கா?"

"ஒன்பது இருக்கு. ஒண்ணக்கூட நான் கேட்டதில்ல. எது நல்லது, எது குப்பைன்னு எனக்கே தெரியாது."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அறுபது வயது என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கீழே யாரோ ஆட்டுக்குட்டிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.