தூண் சொன்ன பதில்

அக்கா வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு தூண். கடற்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து, காங்கிரீட் வெடித்து, மேல்மாடிகளை இனி தாங்குமா என்று சந்தேகம் வந்துவிட்டது. இப்படிப்பட்ட தூண்களுக்குக் கார்பன் துணி சுற்றுவதுதான் என் பிழைப்பு. கெட்டுப்போனதை உடைத்தெடுத்து, துருவைச் சுரண்டி, புதுக் கலவை பூசி, அதன்மேல் பசை தடவிக் கறுப்புத் துணியை இறுக்கிச் சுற்ற வேண்டும்.

நான் வேறு வேலையில் மாட்டிக்கொண்டதால் பஞ்சு மேஸ்திரியை அனுப்பினேன். மனசு பஞ்சு என்பதால் வந்த பெயர். யாராவது கண்ணைக் கசக்கினால் மனுஷன் கரைந்துவிடுவார்.

பசை காய்ந்ததும் சின்னச் சுத்தியலோடு போய்த் தட்டிப் பார்த்தேன். உள்ளே நன்றாகப் பிடித்திருந்தால் கெட்டிச் சத்தம் வரும். சமையலறையைப் பார்த்த பக்கம் மட்டும், என் இடுப்புயரத்தில், பொத் பொத் என்றது.

"அங்க சுத்தியால அடிக்காதடா," என்றாள் அக்கா. "விரலால தட்டு. நான் தெனம் தட்டுறேன். அவன் பதில் சொல்றான்."

அந்தப் பக்கத்தில்தான் மகனை நிற்கவைத்துப் பென்சிலால் உயரம் குறிப்பாள். காய்ச்சலில் அவன் போனபோது கடைசிக் கோடு என் இடுப்புயரத்தில் இருந்தது.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"அக்கா அழுதாங்க தம்பி. அந்தப் பக்கம் மட்டும் பழைய பூச்ச உடைக்காம மேல சுத்திட்டேன். கோடு உள்ள பத்திரமா இருக்கும்."

"கோடு பத்திரம். அக்கா பத்திரமா?" என்று கத்திவிட்டு வைத்தேன்.

பிறகு நானும் விரலால் தட்டினேன். சொன்னால் சிரிப்பீர்கள். சின்னப் பையன் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது மாதிரியே இருந்தது. பயமாக இருந்தது. இன்னொரு தரம் தட்டவும் ஆசையாக இருந்தது.

"அக்கா, உள்ள இருக்கறது துரு. இப்பவும் கம்பியத் தின்னுட்டிருக்கு. மேல துணி இருக்கறதால வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் மொத்தமா உக்காந்துடும்."

மேல்வீட்டில் ஒரு குழந்தை திடுதிடுவென்று ஓடியது. அக்கா நெடுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரிச்சுடு," என்றாள்.

முட்டுக் கொடுத்துவிட்டுத் துணியை அறுத்தேன். பூச்சு பாளமாகத் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கம் முழுக்கத் துரு. துணியைப் பிய்த்துப் பார்த்தேன். பசை ஊறிக் கறுத்த பூச்சில் ஒரு கோட்டையும் காணோம். பத்திரமாக வைத்த அன்றைக்கே அழிந்திருக்கிறது. அக்காவிடம் அதைக் காட்டாமல் சாக்கில் கட்டினேன்.

முறைப்படி எல்லாம் செய்து, திரும்பச் சுற்றிக் காய்ந்த பிறகு அவளே வந்து விரலால் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள்.

"கெட்டியா இருக்குல்லக்கா?" என்றேன்.

"இருக்கு," என்றாள். "அவன் போயிட்டான்."