உடும்பு உட்கார்ந்த பெட்டி

பூட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டார். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில் கை தவறி நல்ல பல்லைக் காட்டிவிட்டார். தப்பு என்று ஒத்துக்கொள்வதா? அதையே பிடுங்கச் சொல்லி, சொத்தைப் பல்லோடு வீடு திரும்பினார். அந்தச் சொத்தைப் பல்லும் மிரண்டுபோய் அதன்பிறகு வலிக்கவே இல்லை.

அவர் மனைவிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. கணவரைத் திருத்தும் வேலையைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, அவள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் பட்டறை. அப்பா காலத்தில் அண்ணன் பூட்டுச் செய்வார், தம்பி சாவி அராவுவார். பிறகு சண்டை. காரணம் கேட்டால் இருவருக்கும் கோபம் வரும், மறந்துவிட்டதால். கூப்பிடாமல் வாசலை மிதிக்க மாட்டேன் என்றார் தம்பி. செத்தாலும் கூப்பிட மாட்டேன் என்றார் அண்ணன். அதிலிருந்து சாவியையும் உடும்பே அராவினார்.

அன்று நகைக்கடைக்காரருக்கு ஆளுயர இரும்புப் பெட்டி முடிந்திருந்தது. குடும்ப வழக்கப்படி, செய்தவரே உள்ளே உட்கார்ந்து, இடுக்கில் பொட்டு வெளிச்சமாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

“கடவுளே வந்தாலும் இதைத் திறக்க முடியாது” என்று சொல்லிக்கொண்டே உடும்பு உள்ளே போனார். மனைவி பூட்டினாள்.

“கும்மிருட்டு! பிரமாதம்! திற!”

சாவியைத் திருப்பினாள். அது ஒடிந்து, பல்லெல்லாம் பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

“என்னங்க, சாவி ஒடிஞ்சு போச்சு.”

“என் சாவி ஒடியாது.”

“பாதி என் கையில இருக்குங்க.”

“அப்ப உன் கைதான் சரியில்ல.”

வெளிச்சம் புகாத பெட்டியில் காற்று எங்கிருந்து புகும்?

“உங்க தம்பியக் கூப்பிடறேன்.”

“கூப்பிட்டுப் பாரு! உள்ள சுத்தியல் இருக்கு, ஆப்பு இருக்கு. கதவை உள்பக்கமா இறுக்கிடுவேன்!”

செய்யக்கூடிய ஆள்தான். பல் விஷயம் அவளுக்குத் தெரியாதா?

தெருக்கதவை விரியத் திறந்து வைத்தாள். பெட்டிக்கு எதிரே முக்காலி போட்டாள், பக்கத்தில் விளக்கை ஏற்றினாள். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்:

“சாமி, இவரை இந்தப் பிடிவாதத்தோட படைச்சது நீதான். இவர் சம்மதத்தைக் கேட்டுக்கிட்டு நிக்காதே. உன் இஷ்டப்படி செய். கொஞ்சம் சீக்கிரமாச் செய்.”

“யார்கிட்ட பேசறே?” பெட்டிக்குள் குரல் கம்மியிருந்தது.

“உங்க தம்பிகிட்ட இல்லீங்க.”

எதிர்ப்பேச்சு வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிர்ப்பேச்சுப் பேசாமல் விட்டது அதுதான் முதல் தடவை. ஆப்பாவது ஒன்றாவது என்று தெருவுக்கு ஓடினாள். வாசலில் தம்பி நின்றிருந்தார்.

“என்ன அண்ணி, சுத்தியல் சத்தமே காணோம்?”

“கூப்பிடாமலே வந்துட்டீங்களா தம்பி!”

“நான் எங்க வந்தேன்? என் அரம் ஒண்ணு இங்க இருக்கு. அதை வாங்கத்தான்.”

அவள் பெட்டியைக் காட்டினாள். தம்பி ஒரே தாவாகத் தாவி முக்காலியில் உட்கார்ந்தார். மெல்லிய இடுக்கியால் ஒடிந்த பற்களை எடுத்தார்.

“யார் அராவின சாவி இது? வெண்ணெயில செஞ்சாப்ல இருக்கு!”

வளைந்த கம்பியை விட்டு நெம்பினார். கதவு திறந்தது.

உடும்பு வேர்வையில் குளித்து, முகம் வெளிறி, சுருண்டு கிடந்தார். ஒரு மூச்சு இழுத்தார், இரண்டாவது மூச்சு இழுத்தார். மூன்றாவதை இழுத்து அதில் பேசினார்.

“உன்னை யாருடா திறக்கச் சொன்னா?”

“சரிண்ணா, மூடிடறேன்.”

“இரு, இரு!”

தவழ்ந்து வெளியே வந்தார். மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என் அரத்தைக் குடுங்க, கிளம்பறேன்” என்றார் தம்பி.

அரம் மேசைமேல், எல்லார் கண்ணுக்கும் எதிரே கிடந்தது. உடும்பு அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எங்க வெச்சேன்னு தெரியல. தேடி வைக்கிறேன், நாளைக்கு வா.”

மறுநாள் உடும்பு பட்டறை அதிரச் சுத்தியலால் நாலு போடு போட்டார். திடீரென்று நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஏங்க நிறுத்திட்டீங்க?”

“கை வலிக்குது.”

அவள் முக்காலியை எடுத்துப் போட்டுவிட்டுத் தெருக்கதவைத் திறந்து வைத்தாள்.