சிடுமூஞ்சிச் சீட்டு

குடும்பத்தோடு உட்கார்ந்து விளையாடப் படம் போட்ட சீட்டுக்கட்டு ஒன்றை, பொம்மைக் கம்பெனிக்காரர் அவளிடம் வரையச் சொல்லியிருந்தார். ஆட்டத்தின் உயிரே சிடுமூஞ்சிச் சீட்டுதான். அதை அடுத்தவர் தலையில் கட்டிவிட வேண்டும். கடைசியில் யார் கையில் தங்குகிறதோ அவர் தோற்றார்.

மற்ற முகங்கள் சுலபமாக வந்துவிட்டன. சிடுமூஞ்சி மட்டும் எப்படி வரைந்தாலும் பல்வலிக்காரர் மாதிரியே இருந்தார். வேறு வழி தெரியாமல் தன் பெரியப்பாவை நினைத்துக்கொண்டாள். உப்பிய கன்னம், ஒருபக்கம் வளைந்த மூக்கு, எதிரே இருப்பவரின் சட்டைப் பொத்தானில்கூடக் குறை தேடும் பார்வை. ஒரே மூச்சில் படம் முடிந்தது. கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அச்சான மாதிரிக் கட்டு வீட்டுக்கு வந்த நேரம், பெரியப்பாவும் வந்திருந்தார். நாற்காலி ஆடுகிறது என்றார், மின்விசிறி கத்துகிறது என்றார். அவள் கட்டை ஒளித்துவைக்கப் போவதற்குள் தங்கையின் கணவர் உறையைக் கிழித்துச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்துவிட்டார்.

சிடுமூஞ்சி நேராகப் பெரியப்பாவிடமே போய்ச் சேர்ந்தது. அவர் அதை எல்லாருக்கும் திருப்பிக் காட்டினார்.

"யாரு இந்த ஆளு? பாத்தாலே பால் திரிஞ்சிடும் போல இருக்கே."

மற்றவர்கள் படத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவரோ குஷியாக அதைத் தங்கையிடம் தள்ளிவிட்டார். அதன்பிறகு அந்தச் சீட்டு மற்றவர்களில் யாரிடம் வந்தாலும், அடுத்தவருக்குத் தள்ளாமல் தங்கள் கையிலேயே அமுக்கிக்கொண்டார்கள். சுற்றவிட்டால் மறுபடி பெரியப்பா உற்றுப் பார்ப்பாரே என்ற பயம். அதனால் எல்லா ஆட்டத்திலும் பெரியப்பாவுக்கே வெற்றி. சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுகிற மனிதர், இன்னொரு ஆட்டம், இன்னொரு ஆட்டம் என்று உட்கார்ந்துவிட்டார். நாற்காலி ஆடியது அவருக்குத் தெரியவே இல்லை.

கிளம்பும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த மூக்கு மட்டும் கொஞ்சம் ஓவர். மனுஷனுக்கு அப்படி ஒரு மூக்கு இருக்குமா?" கொஞ்சம் தயங்கினார். "அடுத்த கட்டு போட்டா என்னையும் ஒரு சீட்டுல வரையும்மா. ராஜா மாதிரி இருந்தா போதும்."

அவர் வெட்கப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. அடுத்த கட்டில் எடுப்பான மூக்கும் மலர்ந்த சிரிப்புமாக ஒரு ராஜாவை வரைந்தாள். அது கம்பெனிக்காரரா என்று கேட்டாள் தங்கை.

பெரியப்பா அந்தச் சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டுகிறார்.

"அச்சு அசலா நான்தான். என் தம்பி பொண்ணுக்கு அப்படி ஒரு கை."

அசல் எந்தச் சீட்டில் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லும் தைரியம் இதுவரை யாருக்கும் வரவில்லை.