ஃபியூஸைப் பிடுங்கியவள்

"கம்பெனி ஸ்பீக்கரெல்லாம் சும்மா பொம்மை, அண்ணி. கழட்டிடுங்க. பெரிய ஊஃபரா போடுங்க, நெஞ்சுக்குள்ள இடிக்கணும்," என்றான் தங்கையின் கணவன். "கதவுக்கெல்லாம் ஷீட் ஒட்டிடுங்க. உள்ள நடக்கிறது வெளிய கேக்கக் கூடாது."

கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுவதுதான் அக்காவின் தொழில். "அப்படியே காதுக்கு ஒரு டாக்டரையும் பார்த்து வச்சுக்குங்க, மாப்ள," என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சிகரெட் வாங்கக் கிளம்பினான்.

பட்டறையில் நின்ற காரின் முன்சீட்டை விட்டுத் தங்கை இறங்கவே இல்லை. அக்கா அவள் பக்கத்துக் கதவின் உள்பலகையை நெம்பினாள். கிளிப்புகள் முன்பே உடைந்திருந்ததால் அது கையோடு வந்தது. ஸ்பீக்கரின் வலை உள்ளே குழிந்திருந்தது. ஓரத்தில் துருப்போல ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். துரு இல்லை, ரத்தம்.

"என்னடி இது?"

"கால் பட்டுடுச்சுக்கா."

"கால் பட்டா ரத்தம் வருமா?"

"கேக்காதக்கா. உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

அதற்குள் அவன் திரும்பி வந்துவிட்டான். அக்கா வேலையைப் பார்த்தாள். ஷீட் ஒட்டினாள், வயர் இழுத்தாள், டிக்கியில் ஆம்ப்ளிஃபையரையும் ஊஃபரையும் முடுக்கினாள்.

வேலை முடிந்ததும் அவன் தங்கைக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிப் பாட்டைப் போட்டான். பானெட்டைத் திறந்து பேட்டரியருகே நின்ற அக்காவின் பற்கள் அதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் வண்டி ஆடத் தொடங்கியது. பாட்டின் தாளத்துக்கு அது ஆடவில்லை.

பேட்டரி வயரிலிருந்த ஃபியூஸை வெடுக்கென்று பிடுங்கினாள்.

பாட்டு செத்தது. "உங்கக்காகிட்ட என்னடி சொன்ன?" என்ற அவன் குரலும், தொடர்ந்து எதிலோ மோதும் ஓசையும், தங்கையின் அலறலும் கேட்டன.

அக்கா பாய்ந்து கதவைத் திறந்தாள். தங்கையின் கூந்தல் அவன் முஷ்டியில் இருந்தது. டேஷ்போர்டு முழுக்க ரத்தம்.

"விடுடா அவள!"

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள நீ யாருடி?"

அவன் இறங்கி வந்து மேசையிலிருந்த சுத்தியலை எடுத்தான். அக்கா கையை உயர்த்தித் தடுத்தாள். மணிக்கட்டு சுள்ளிபோல முறிந்தது. கீழே விழுந்தவளின் மார்பில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் தொண்டையை நெரித்தான். அவளுக்குக் கண் இருட்டியது.

அப்போதுதான் தங்கை இறங்கினாள். சுவரில் சாய்த்திருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்து, அவன் தோளில் முதல் அடியைப் போட்டாள். அவன் திரும்பினான். இரண்டாவது அடியில் தாடை விலகிப் பற்கள் சிமெண்டுத் தரையில் தெறித்தன. அவன் சுருண்டு விழுந்தான். அவள் நிறுத்தவில்லை. முழங்காலில், விலாவில், மறுபடி முழங்காலில் அடித்தாள்.

"போதும்டி! செத்துடப் போறான்!"

"சாகட்டும்!"

பக்கத்துப் பட்டறைப் பெயிண்டர் ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். காற்றிலும் கம்பியை வீசிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர், "யாரு அடிச்சது?" என்றார்.

"நான்தான் சார்," அக்கா முந்திக்கொண்டாள்.

"பொய் சார். அவ கைதான் உடைஞ்சு கிடக்கே! நான்தான் அடிச்சேன்," என்றாள் தங்கை. உதடு கிழிந்திருந்ததால் வார்த்தைகள் குழறின. "வீட்டுல அடிச்சா பக்கத்து வீட்டுக்குக் கேக்குதுன்னு கார்ல ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போவாரு. கதவப் பூட்டிட்டு அடிப்பாரு. ஏன்டா அடிக்கிறன்னு கேக்க அங்க ஒரு ஈ காக்கா இருக்காது. எழுதிக்குங்க சார், எல்லாத்தையும் சொல்றேன்."

அவன் பிழைத்துவிட்டான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஒரு கால் மடங்காது. அவன் மேலும் தங்கை மேலும் வழக்கு நடக்கிறது. அக்காவின் மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது, திருப்புளியைத் திருக முடிவதில்லை. இப்போது வயர் எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்ல, தங்கை முடுக்குகிறாள்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குடி."

"இறுக்கிட்டேன்க்கா. இதுக்கு மேல போனா மரை போயிடும்," என்கிறாள் அவள்.